கிராஞ்சிக்கு ஒரு நாள்

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டு ஒரு திட்டம் ஆரம்பமானது. முதல் உலகப் போர் தொடங்கி நூறு வருடம் ஆனதை ஒட்டி, அந்த நாட்டின் ஒவ்வொரு அரசு உயர்நிலைப் பள்ளியிலிருந்தும் இரண்டு மாணவர்கள், கூட ஒரு ஆசிரியர் என்று பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் அழைத்துப் போனார்கள். அரசாங்கம் பணம் ஒதுக்கியிருந்தது. ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. தங்கள் ஊர்ப் பையன்கள் போய் மாண்ட பதுங்குகுழிகளையும் கல்லறைகளையும் பார்க்க. திரும்பி வந்தவர்கள், பார்த்ததைத் தங்கள் ஊரில் 110 பேருக்காவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்தில் சேர்த்தி.

ஆஸ்திரேலியப் பள்ளிகள் துருக்கியின் கல்லிப்பொலிக்குப் போகின்றன. கனடாப் பள்ளிகள் பிரான்சின் விமி மேட்டுக்குப் போகின்றன. இந்த மாதிரிப் பயணங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கிளம்புவதற்கு முன்பே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பெயர் கொடுத்துவிடுவார்கள். தங்கள் ஊரிலிருந்து போருக்குப் போன ஒருவரின் பெயர். அவர் எந்தத் தெருக்காரர், என்ன வேலை பார்த்தார், எந்தப் படையில் சேர்ந்தார், எங்கே இறந்தார் என்று தேடிப் படித்துவிட்டு, அங்கே போய் அந்தப் பெயரின் முன்னால் நிற்க வேண்டும். அவ்வளவுதான். "லட்சக்கணக்கானோர் மாண்டனர்" என்று பாடப்புத்தகத்தில் படிப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, இதற்கும் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

முதலில் போரைப் பற்றி. இந்த வட்டாரம் போரைப் பார்க்காத வட்டாரம் அல்ல. 1781 ஜூனில் ஹைதர் அலியின் ஆட்கள் காவல் இருந்த சிதம்பரம் கோயிலைப் பிடிக்க வந்த ஆங்கிலத் தளபதி அயர் கூட், முடியாமல் திரும்பினார். அடுத்த சில நாட்களில், ஜூலை 1ஆம் தேதி, பக்கத்திலிருக்கும் பரங்கிப்பேட்டையில் அவருக்கும் ஹைதருக்கும் பெரிய சண்டை. 1783இல் கடலூர் முற்றுகை. கரையில் ஒரு சண்டை, கடலில் இன்னொரு சண்டை. அமெரிக்க விடுதலைப் போரை ஒட்டி உலகமெங்கும் நடந்த சண்டைகளில் கடைசியாக நடந்தவற்றுள் கடலூர்ச் சண்டையும் ஒன்று. ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி கப்பலில் வந்து சேர்வதற்குள் இங்கே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்!

இந்தச் சண்டைகளில் அயர் கூட் பெயர் இருக்கிறது, ஹைதர் பெயர் இருக்கிறது, பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் பெயர் இருக்கிறது. இரண்டு பக்கமும் துப்பாக்கி தூக்கிய சிப்பாய்களின் பெயர்? அது யாருக்கும் தெரியாது. இந்தக் கதை அப்போதே ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த காட்சி 1914. செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. நகரத்தில் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கப்பல் சில வாரத்தில் ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டு ஒழிந்தது. ஆனால் அதன் பெயர் தமிழில் தங்கிவிட்டது. இன்றைக்கும் நம் ஊரில் கில்லாடியான ஆளை "அவன் சரியான எம்டன்" என்று சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள்.

அதே போரில் இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டுப் போர்முனைகளுக்குப் போனார்கள். சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. அதில் சென்னை மாகாணத்துக்காரர்களும் உண்டு. சண்டை போடும் காலாட்படையில் மட்டுமல்ல, பாலம் கட்டவும் பதுங்குகுழி வெட்டவும் போன மெட்ராஸ் சாப்பர்ஸ், பயனியர் படைகளிலும் இருந்தார்கள். கிராமத்துக் குடியானவர்கள், ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் கலந்த படைகள் அவை. குண்டு போட்ட கப்பலின் பெயர் நமக்கு ஞாபகம் இருக்கிறது. போய்ச் செத்த நம் ஆட்களில் ஒருவர் பெயராவது ஞாபகம் இருக்கிறதா? யோசித்துப் பாருங்கள்.

வேலூர் லாங் பஜார் பக்கம் போனவர்கள் அங்குள்ள மணிக்கூண்டைப் பார்த்திருக்கலாம். அதில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-19 போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று. இந்த மாதிரிக் கற்களை அப்போதைய அரசாங்கம் பல ஊர்களில் வைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் கவனியுங்கள்: 277 என்ற எண் இருக்கிறது, 14 என்ற எண் இருக்கிறது, பெயர் ஒன்றுகூட இல்லை. கணக்குப் புத்தகத்தில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிவிட்டு, யார் யாரிடமிருந்து வந்தது என்று எழுதாமல் விட்டால் எந்த ஆடிட்டராவது ஒத்துக்கொள்வாரா?

இது வேலூர்க் கல்லின் பிரச்சினை மட்டுமல்ல. ஈராக்கில் பஸ்ரா நினைவுச்சின்னம் இருக்கிறது. அங்கே பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் கல்லில் இருந்தன. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர்கள் மட்டும் இருந்தன. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு அவரவர் படைப்பிரிவின் கீழே ஒரு எண்தான். இந்தக் கல்லறைகளையும் சின்னங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பெயர் இல்லாமலோ, எந்த நினைவுமே இல்லாமலோ விடப்பட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை இருக்கலாம் என்கிறது அந்த அறிக்கை. அதில் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும்தான் மிக அதிகம்.

எல்லா இடமும் இப்படி அல்ல. பிரான்சின் நவ் ஷாப்பேலில் இந்தியர்களுக்கென்றே 1927இல் திறந்த நினைவுச்சின்னத்தில் 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. சிப்பாய், ஹவில்தார், வேலையாள் என்று எல்லோர் பெயரும்.

பிரான்ஸ் ரொம்ப தூரம், நம் பள்ளிப் பிள்ளைகள் எங்கே போவது என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் வெளிநாட்டுப் பயணமே எட்டாக்கனி என்று இப்போது சொல்ல முடியாது. 2022லிருந்து தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை, போட்டிகளில் ஜெயிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களை வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போயிருக்கிறது. துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று பிள்ளைகள் போய் வந்திருக்கிறார்கள். விமானத்தில் முதல் தடவை ஏறிய பிள்ளைகளின் முகத்தைப் பத்திரிகைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தனியார் பள்ளிகளும் சிங்கப்பூர் டூர் போகின்றன. உயரமான கட்டடம், பறவைப் பூங்கா, யுனிவர்சல் ஸ்டூடியோ, ஷாப்பிங்... திரும்பி வருகிறார்கள்.

அந்தச் சிங்கப்பூரில்தான் கிராஞ்சி இருக்கிறது.

கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். புல்வெளி ஏற்றம், வரிசை வரிசையாக 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள், மேட்டின் உச்சியில் விமானத்தின் வால் மாதிரி ஒரு கோபுரம் வைத்த நினைவுச்சின்னம். 1957இல் திறந்தது. உடல் கிடைக்காமல் போனவர்கள், எங்கே புதைந்தார்கள் என்று தெரியாதவர்கள் 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அந்தச் சுவர்களில் இருக்கின்றன. அதில் இந்திய ராணுவத்தின் பெயர்கள் ஏராளம். பக்கத்திலேயே தகனம் செய்யப்பட்டவர்களுக்கென்று தனியாக ஒரு சின்னம் இருக்கிறது. கிட்டத்தட்ட 800 பெயர்கள், பெரும்பாலும் இந்தியர்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று ஜப்பானியர்களிடம் விழுந்தது. சரணடைந்த இந்தியச் சிப்பாய்களை இரண்டு நாள் கழித்து ஃபாரர் பார்க் மைதானத்தில் கூட்டி நிறுத்தினார்கள். நாற்பதாயிரம் பேருக்கு மேல். இந்திய தேசிய ராணுவத்தில் சேரச் சொல்லி அழைப்பு. கூட இருந்தவர்களிலேயே சிலர் சேர்ந்தார்கள், சிலர் மாட்டோம் என்றார்கள். மாட்டோம் என்றவர்களில் பலரை ஜப்பானியர்கள் நியூ கினி பக்கம் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே பட்டினியிலும் நோயிலும் பலர் செத்தார்கள். சேர்ந்தவர்களில் பலர் பர்மாக் காட்டில் செத்தார்கள். யார் செய்தது சேவை?

இந்தக் கேள்விக்கு விடை தேட மாணவர்கள் அதே நாள் சாயங்காலம் எஸ்பிளனேட் பூங்காவுக்கு வர வேண்டும். அங்கே 1945 ஜூலை 8 அன்று நேதாஜி, இந்திய தேசிய ராணுவத்தில் உயிர்விட்டவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். இரண்டு மாதத்தில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் மவுண்ட்பேட்டன் உத்தரவில் அதை இடித்தார்கள். இடம் மட்டும் மிஞ்சியது. அந்த இடத்தில் 1995இல் சிங்கப்பூர் அரசின் தேசிய மரபுடைமைக் கழகம் ஒரு பலகை வைத்திருக்கிறது. காலையில் பார்த்த கிராஞ்சியில் சுவர் முழுக்கப் பெயர். இங்கே ஒரு பலகை. காரணம் எளிது: ஜெயித்தவர்கள் தங்கள் பக்கத்து ஆட்களின் பெயரை எழுதினார்கள்.

அந்த ராணுவத்தில் பொதுமக்களிலிருந்து சேர்ந்தவர்களில் பெரும்பகுதி மலாயாத் தமிழர்கள், அதுவும் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள். சென்னையில் மருத்துவம் படித்த கேப்டன் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணி படை அமைந்தது. 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் அதன் பயிற்சி முகாம் தொடங்கியது. அதில் சேர்ந்த பெண்களில் பலர் இன்றைய பிளஸ் டூ மாணவிகளின் வயதுதான். ஜானகி தேவருக்கு 18 வயது. ராசம்மாவுக்கு 16 வயது. ஜானகி பின்னாளில் மலேசியாவில் பொதுவாழ்க்கையில் இருந்து, 2000இல் பத்மஸ்ரீ பெற்று, 2014இல் மறைந்தார். ராசம்மா பூபாலன் ஆசிரியையாகி, தலைமையாசிரியையாக உயர்ந்து, பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். பதினாறு வயதில் துப்பாக்கி பிடித்த ஒரு டீச்சர்! ஒரு பள்ளி மாணவிக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா?

இப்போது கடலூருக்குத் திரும்புவோம். மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் போன மாவட்டங்களின் பட்டியலில் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு இவற்றோடு தென் ஆற்காடும் முக்கியமானது. அந்தத் தென் ஆற்காட்டின் தலைநகரம்தான் கடலூர். கங்காணி ஊருக்கு வருவார், ஆள் சேர்ப்பார், நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏற்றுவார். 1938இல் இந்திய அரசு தடை போடும் வரைக்கும் இது நடந்தது. கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் "எங்க பாட்டன் மலாயாவுக்குப் போனவரு, அப்புறம் தகவலே இல்லை" என்ற பேச்சைக் கேட்டவர்கள் இருப்பீர்கள்.

அந்தத் "தகவலே இல்லை" என்பதற்குப் பின்னால் பல வீடுகளில் ஒரு ரயில் பாதை இருக்கலாம். 1942 கடைசியிலிருந்து 1943 அக்டோபர் வரை, ஜப்பானியர்கள் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டார்கள். சயாம் மரண ரயில். வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் வேலை செய்து, பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். இது சினிமாவிலும் வந்துவிட்டது. ஆசியத் தொழிலாளர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர். இறந்தவர்கள் எண்பதாயிரத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. காலரா, மலேரியா, பட்டினி, அடி.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். ஒவ்வொன்றிலும் பூச்செடி. ஆஸ்திரேலியப் பிள்ளைகள் தங்கள் ஊர்க்காரர் பெயரைத் தேடி வந்து நிற்கும் இடங்களில் அதுவும் ஒன்று. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படி ஒரு கல் அங்கே கிடையாது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று ஒரு நாவல் எழுதினார். 2023இல் காஞ்சனபுரியில் அங்கு இறந்த தமிழர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு நடுகல் நட்டார்கள். எண்பது வருடம் கழித்து!

நடுகல் என்ற சொல் வந்ததால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டு. தொறுப் பூசலில் இறந்த வீரனின் பெயர் அதில் இருக்கிறது. அவனோடு நின்று கள்ளர்களைக் கடித்த நாயின் பெயரும் இருக்கிறது. கோவிவன். 1,400 வருடத்துக்கு முன்னால் ஒரு நாய்க்குக்கூடப் பெயர் வெட்டி வைத்த ஜனங்கள் நாம். பெயரை எழுதி வைப்பது யாரோ வெள்ளைக்காரர்களிடமிருந்து கற்க வேண்டிய பழக்கம் இல்லை. நம்முடையதுதான், நடுவில் விட்டுப்போய்விட்டது.

"வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்களை எதற்காக நினைக்க வேண்டும்?" என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கூலிக்காகத் தோட்டத்துக்குப் போனவரும், சம்பளத்துக்காகப் பட்டாளத்துக்குப் போனவரும் பெரும்பாலும் ஒரே மாதிரிக் குடிசையிலிருந்துதான் கிளம்பினார்கள். ஒருவர் சாம்ராஜ்யத்துக்காகச் செத்தார், ஒருவர் அதை எதிர்த்துச் செத்தார், ஒருவர் யாருக்காக என்றே தெரியாமல் தண்டவாளத்தின் ஓரத்தில் செத்தார். கொண்டாடுவது வேறு, தெரிந்துகொள்வது வேறு. ஒரு பள்ளிக்கூடத்தின் வேலை தெரிந்துகொள்ள வைப்பது. மூன்று பேரையும் ஒரே நாளில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பிள்ளை, "போர்" என்ற சொல்லை அப்புறம் சினிமா வசனம் மாதிரி பேசாது.

செலவு? சிங்கப்பூருக்கு எப்படியும் விமானம் ஏறுகிறார்கள். தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் கணக்கு ஏற்கெனவே போட்டாயிற்று. காலையில் கிராஞ்சி, சாயங்காலம் எஸ்பிளனேட். ஒரு நாள் ரயில் டிக்கெட்தான் கூடுதல். காஞ்சனபுரிக்குப் போக முடியாவிட்டால், அந்த மூன்றாவது ஆளின் கதையை எஸ்பிளனேட் பூங்காவில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம்.

ஆனால் வெறுமனே போனால் அது இன்னொரு போட்டோ எடுக்கும் இடமாகிவிடும். கிளம்புவதற்கு முன் வீட்டுப்பாடம் வேண்டும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். பல இந்தியப் பெயர்களுக்குக் கீழே தகப்பன் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா என்று ஒரு வரி இருக்கும். கடலூர் மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது. அது பிற்காலத்தில் பிறந்த பெயர். பழைய தென் ஆற்காடு என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேட வேண்டும். அதில் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்களும் சேர்ந்தே வரும், பிரித்துக்கொள்ள வேண்டும். வெள்ளைக்கார குமாஸ்தா எழுதிய ஊர்ப் பெயரைப் படித்து "அட, இது நம்ம ஊர்தானே!" என்று கண்டுபிடிப்பதே ஒரு வகுப்புக்கான பாடம்.

அதற்கும் முன்னால் ஒரு ஒத்திகை வேண்டுமென்றால் சென்னை நந்தம்பாக்கத்தில் மெட்ராஸ் போர்க் கல்லறை இருக்கிறது. கடலூரிலிருந்து பள்ளிப் பேருந்தில் காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து, பல ஊர்களில் பராமரிக்க முடியாத கல்லறைகளில் கிடப்பவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன.

தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் போனவர்களின் பெயர் எந்த இணையதளத்திலும் வராது. அதைப் பாட்டிகளிடமும் தாத்தாக்களிடமும்தான் கேட்க வேண்டும். பழைய டிரங்குப் பெட்டியில் மலாயாக் கடிதம், ஒரு போட்டோ, மணியார்டர் ரசீது ஏதாவது இருக்கலாம். போன வருடம், ஊர், தெரிந்த கடைசித் தகவல் என்று ஒரு நோட்டில் எழுதிப் பள்ளிக்கூட நூலகத்தில் வைத்தால், கடலூர் மாவட்டத்தில் அந்த மாதிரி ஒரு பதிவேடு இருக்கும். சொல்லத் தெரிந்த வயதானவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

அடுத்த சிங்கப்பூர் டூருக்கு லிஸ்ட் போடுகிற வரலாற்று ஆசிரியர் யாராவது இருந்தால், பிள்ளைகள் தலைக்கு ஒரு பெயர் என்று இப்போதே பிரித்துக் கொடுத்துவிடலாம். விசா வருவதற்குள் படித்து முடித்துவிடுவார்கள்.